பகலுக்குத் துணி, இரவுக்குப் பம்பர்ஸ்: முடக்கக் காலத்தில் எங்கள் வீட்டில் தாக்குப்பிடித்தவை

பெரியவர்களுக்கான பம்பர்ஸில் எது நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு, கொழும்பிலிருந்து லொறி வந்தால்தான் கடையில் சாமான் இருக்கும் என்ற நிலைமையில், ஒரே வகையை நம்பி இருக்க ஏலாது. கொவிட் முடக்கம் வந்த 2020இலும் 2021இலும் அப்பாவை வைத்துப் பார்த்ததில் எந்தச் சாமான் எதற்கு உதவியது, எந்தக் கடை உண்மை பேசியது, எதற்குக் காசு கொட்டத் தேவையில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். சொந்தத்துக்குள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் போட்டு வாய் நொந்துவிட்டது.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் பலவீனம். ஆள் பிடித்தால் நடப்பார். சலம் வருகிறது என்று தெரியும், ஆனால் தெரிந்த பிறகு கக்கூஸ் வரை போக நேரம் காணாது. நித்திரையில் ஒன்றும் தெரியாது. கால் வீக்கத்துக்குக் கொடுத்த குளிசை வேறு சலத்தைக் கூட்டும். முந்தி இந்த வேலையெல்லாம் தம்பிதான் செய்தான். 2020 மார்ச் 20 பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது அவன் மட்டக்களப்பில் மாட்டிக்கொண்டான், மாவட்டம் விட்டு மாவட்டம் வரவும் தடை. வேலை என் கைக்கு வந்தது. மகள் வந்து மாற்றுவது அப்பாவுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு அளவுகோல் எனக்கு இருந்தது: சாரத்தை அவிழ்க்காமல், சாரத்துக்குள்ளேயே வைத்து மாற்ற முடிகிறதா இல்லையா.

சரி, முதலில் கடை.

மத்திய வீதிப் பக்கம் ஒரு சின்னப் பார்மசி. பெயர் போட வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார், பெயர் போட்டால் ஆள் கூடிவிடுமாம். ஊரடங்கு நாட்களில் வட்ஸ்அப்பில் மருந்துத் துண்டைப் படம் எடுத்து அனுப்பினால், ஊரடங்குப் பாஸ் வைத்திருந்த ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் அலஸ்தோட்டம் வரை கொண்டுவந்து கேற்றில் தொங்கவிட்டுப் போவான். இதைப் பல கடைகள் செய்தன. இந்தக் கடையில் எனக்குப் பிடித்தது, கையிருப்பு எவ்வளவு என்று ஒளிக்காமல் சொன்னது. "அக்கா, மீடியம் ரெண்டு பேக்தான் இருக்கு, ஒன்று உங்களுக்குத் தரலாம், மற்றது பாலையூற்றில ஒரு அம்மாவுக்கு, அடுத்த லொறி எப்ப என்று எனக்கும் தெரியாது." இப்படிச் சொன்னால் நாம் வேறு வழி பார்க்கலாம். "நாளைக்கு வரும், நாளைக்கு வரும்" என்று இழுத்த இன்னொரு கடையை நம்பி இருந்த எங்கள் ஒழுங்கைக் குடும்பம் ஒன்று கடைசியில் பழைய பெட்சீட் எல்லாவற்றையும் கிழித்தது.

இன்னும் ஒன்று, அவர் பேக்கைப் பிரித்து ஐந்து ஐந்தாகக் கொடுத்தார். முழுப் பேக் வாங்க வசதி உள்ளவர்களுக்கு அது எரிச்சல். ஆனால் அப்படிக் கொடுத்ததால்தான் நாலு வீட்டுக்குக் கிடைத்தது. பேப்பரில் சுற்றி, மேலே மருந்து உறை ஒன்றை ஒட்டி அனுப்புவார், தெருவில் பார்க்கிறவர்களுக்கு என்ன என்று தெரியாது. அப்பா அதைக் கவனித்தார், "வடிவாய்ச் சுற்றியிருக்கிறான்" என்றார். குறை சொல்வதென்றால், தொலைபேசியை எடுக்கவே மாட்டார், கணக்கைக் கொப்பியில் எழுதிக் கூட்டுவதில் அடிக்கடி பிழை விடுவார், வாங்கினதைத் திருப்பி எடுக்க மாட்டார். இருந்தாலும் ஐந்துக்கு நாலரை.

ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் வீட்டு விநியோகத்தையும் பார்த்தோம். அதன் பட்டியலில் குழந்தைப் பம்பர்ஸ்தான் வரிசையாக இருக்கும், பெரியவர்களுக்கானது எங்கோ அடியில். டேப் ஒட்டுகிற வகை கேட்டால் பான்ட்ஸ் வகை வந்தது, மீடியம் கேட்டால் எக்ஸ்ட்ரா லார்ஜ் வந்தது. வந்ததை வாங்காவிட்டால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல ஆளில்லை. மாவும் பருப்பும் வாங்கச் சரி. இதற்குச் சரிவராது.

அந்த நேரம் மருந்துத் துண்டைக் காட்டினால் பார்மசிக்குப் போக விட்டார்கள். ஆனால் துண்டில் பிரஷர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும்தான் இருக்கும், பம்பர்ஸ் இருக்காது. பொது வைத்தியசாலைக் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டு ஒரு வரியாக அதையும் எழுதி வாங்கி வைத்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன், சண்டை சச்சரவு இல்லாத நாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பையில் பெரிய பொதி எதற்கு என்று நடுரோட்டில் வைத்து விளக்கம் சொல்ல நேர்ந்தால் துண்டு பேசட்டும். கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்ததும் அந்த நாட்களில்தான். உண்மையிலேயே நல்ல வேலை அது. பம்பர்ஸ் அந்தக் கணக்கில் வராது, அது எப்போதும் நம்முடைய கைக்காசு.

இனிச் சாமான்களுக்கு வருகிறேன்.

டேப் வகைதான் படுக்கையில் இருக்கிறவருக்கும் இரவுக்கும் சரி. ஒரு பக்கம் சரித்துப் படுக்க வைத்து, பாதியை மடித்து அடியில் தள்ளி, மறுபக்கம் சரித்து இழுத்தெடுத்தால் சாரம் இடுப்பிலேயே இருக்கும். எங்கள் அளவுகோலில் அது பாஸ். போடுமுன் நீளவாக்கில் மடித்து ஒரு தோணி மாதிரி வளைத்துக்கொண்டால் நடுவில் குழி விழும், சலம் ஓரத்துக்கு ஓடாது. கால் பக்கம் உள்ளே நிற்கிற மெல்லிய ஓரங்களை விரலால் இழுத்து நிமிர்த்தி விட வேண்டும். அது உள்ளே மடிந்து கிடந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் ஒழுகும், பழி பம்பர்ஸின் மேல். ஆண்களுக்கு உறுப்பைக் கீழ்நோக்கி வைத்துத்தான் கட்ட வேண்டும், மேல்நோக்கி இருந்தால் வயிற்றுப் பக்கத்தால் வெளியே வரும். இதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. வைத்தியசாலையில் ஒரு நேர்ஸ் மிஸ் காதோடு காதாகச் சொன்னதால்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் வெக்கைக்கு டேப் வகையில் ஒரு தலையிடி இருக்கிறது. கையில் பவுடரோ தேங்காய் எண்ணெயோ கொஞ்சம் இருந்தாலும் ஒட்டுப் பிடிக்காது. சித்திரை மாதத்தில் வேர்வையே போதும், ஒட்டைக் கழற்றிப்போட. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் டேப்பைத் தொட வேண்டும். மலிவானவற்றில் ஒருதரம் ஒட்டிப் பிறகு எடுத்தால் வெளிப் பிளாஸ்டிக் கிழியும். துணி மாதிரி வெளிப்புறம் உள்ளதும், திரும்ப ஒட்டக்கூடிய டேப் உள்ளதும் கொஞ்சம் விலை கூட, ஆனால் வியர்ப்பது குறைவு. காசு கூடக் கொடுப்பதென்றால் அதற்குக் கொடுங்கள்.

பேக்கில் இத்தனை மில்லிலீட்டர் பிடிக்கும் என்று போட்டிருப்பதற்காகக் கொடுக்காதீர்கள். வழமையாக அதை அளப்பது முழுப் பம்பர்ஸையும் திரவத்தில் ஊறப்போட்டு, வடியவிட்டு, நிறுத்துப் பார்த்து. ஆள் மேலே படுத்திருக்கும்போது சலம் ஒரே இடத்தில் சட்டென்று இறங்கும், உடம்புப் பாரமும் அழுத்தும், அந்தக் கணக்கு வராது. உள்ளே இருக்கிற வெள்ளைத் தூள் சோடியம் பொலிஅக்ரிலேட், ஈரம் பட்டதும் ஜெல்லாகிற சாமான். உப்புக் கலந்த நீரை அது வெறும் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். சலத்தில் உப்பு இருக்கிறது. விளம்பரத்தில் நீலத் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார்களே, அதை நம்பி வாங்கினால் விடியப்புறம் பெட்சீட் கதை சொல்லும்.

காணவில்லை என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பம்பர்ஸ் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வீண். உள்ளே இருப்பதன் அடியில் பிளாஸ்டிக் படை இருக்கிறது, அது நிரம்பினால் ஓரத்தால் வழியுமே தவிர மற்றதுக்குள் இறங்காது. இரண்டு பம்பர்ஸ் காசு போனதுதான் மிச்சம். அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் அடி இல்லாத உறிஞ்சு பாட் (pad) ஒன்றை உள்ளே வைக்கலாம், அது நிரம்பியதும் கீழே விடும். அது கிடைக்காவிட்டால் மடித்த பருத்தித் துணியை வைத்தாலும் ஓரளவு காரியம் ஆகும்.

பான்ட்ஸ் வகை நடமாடுகிறவர்களுக்கு. தானே இழுத்துப் போடலாம், அதில் ஒரு மரியாதை இருக்கிறது, ஜட்டி மாதிரித்தான் இருக்கும். கழற்றும்போது கீழே இழுக்காமல் இரு பக்கத் தையலையும் கிழித்து எடுக்க வேண்டும். ஆனால் படுத்திருப்பவருக்கு இரண்டு காலையும் தூக்கி ஏற்றுவது பெரும்பாடு, பலவீனமான காலைத் தூக்கும்போது அப்பா முகத்தைச் சுளிப்பார். விலையும் கூட. கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் நாளுக்கென்று கொஞ்சம் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

இந்த எல்லாவற்றையும்விட நான் புள்ளி கூடப் போடுவது துணிக்குத்தான். அன்புவழிபுரத்தில் தைக்கிற அக்கா ஒருவர் எங்களுக்குத் தெரிந்தவர். தையல் ஓடர் எல்லாம் நின்றுபோய், ஆள் ஆளுக்கு முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவரிடம் போனில் கதைத்தேன். குழந்தைகளின் ரப்பர் சீட் வைத்துத் தைக்கலாமா என்று நான் கேட்க, அவர் வேண்டாம் என்றுவிட்டார், வேர்த்து அவிந்துபோகும் என்று. அவர் எடுத்தது பழைய குடைத் துணி. கம்பி உடைந்து மூலையில் கிடந்த கறுப்புக் குடை ஒன்றைப் பிரித்து, அதை வெளிப்படையாக வைத்து, உள்ளே மெல்லிய பருத்தி கொடுத்து, இரண்டு பக்கமும் வெல்குரோ. தையலை ஓரத்தில் மட்டும்தான் போட்டிருந்தார், நடுவில் ஒரு தையலும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஊசி போன ஓட்டையால் கசியும் பிள்ளை என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே முழுக்காசும் கொடுக்கலாம்.

உள்ளே வைக்கும் துணி தனி. பழைய பருத்திச் சாரமும் துவாய்த் துணியும் சேர்த்து நீளமாக வெட்டி, ஓரம் அடித்து, மூன்றாக மடித்து வைப்பது. தடிப்பாக ஒரே கட்டியாகத் தைத்தால் நல்லாய்ப் பிடிக்கும், ஆனால் காயவே காயாது. விரித்துக் காயப்போட்டு மடித்து வைக்கிற மாதிரி இருந்தால் நிலாவெளிக் காற்றுக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். புதுத் துணி முதலில் உறிஞ்சாது, கஞ்சி போக இரண்டு மூன்று தரம் தோய்த்த பிறகுதான் வழிக்கு வரும். பழைய சாரம் அந்த விதத்தில் தங்கம். வாசனைக்காகத் துணியை மிருதுவாக்கும் திரவம் போடுகிறவர்கள் இதற்கு மட்டும் போடாதீர்கள், நூலில் படலமாகப் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும்.

துணியின் பெரிய நன்மை, நனைந்தது அவருக்கே தெரியும். ஜெல் பம்பர்ஸில் தெரியாது, காய்ந்த மாதிரியே இருக்கும். துணியில் ஈரம் பட்டதும் அப்பா கூப்பிடுவார், பிறகு பிறகு நனையுமுன்னமே கூப்பிடத் தொடங்கினார். பகலுக்கு ஐந்துக்கு நாலரை. இரவுக்கு இரண்டுதான் கொடுப்பேன், ஒரு இரவுச் சலத்தைத் தாங்காது, சாமத்தில் எழும்பி மாற்றினால் இரண்டு பேருக்கும் நித்திரை போகும்.

தோய்க்கிற விஷயத்தில் கொஞ்சம் கவனம். முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் அலசி அந்தத் தண்ணீரைக் கக்கூஸில் ஊற்றுங்கள், பிறகுதான் சவர்க்காரத் தூள். வீட்டில் தொற்று உள்ளவர் இருந்தால் 60 பாகைக்கு மேல் சுடுதண்ணீர் நல்லது. ப்ளீச் பாவிப்பதென்றால் சலம் முற்றாக அலசிப் போன பிறகு மட்டும். சலத்தில் உள்ள அமோனியாவும் ப்ளீச்சும் சேர்ந்தால் மூச்சை அடைக்கிற நச்சுப் புகை வரும், அதுவும் கதவு பூட்டின சின்னக் குளியலறையில். மாரி மழைக்குத் துணி காயாது, கார்த்திகை மார்கழியில் வீட்டுக்குள் கொடி கட்டி மின்விசிறி போட்டாலும் ஒரு மணம் நிற்கும். அந்த மாதங்களுக்குப் பம்பர்ஸைக் கூடுதலாக வாங்கித்தான் வைக்க வேண்டும்.

தோல் பற்றி நீட்டவில்லை. ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, சிங்க் கிறீமை மெல்லியதாகப் பூசினால் போதும். அப்பினால் கிறீம் பம்பர்ஸில் ஒட்டி, அது சலத்தை உறிஞ்சவிடாது. பவுடர் கொட்டாதீர்கள், தொடை இடுக்கில் கட்டிபட்டு உரசும். முதுகடியில் சிவப்பு வந்து, விரலால் அழுத்தி எடுத்தும் வெளிறாமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம், கிறீமோடு மினக்கெடாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

2021 ஓகஸ்ட் 20இல் திரும்பவும் நாடு மூடப்பட்ட பிறகு எங்கள் வீட்டிலேயே ஒருவருக்குப் பொசிட்டிவ் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) வந்து கேற்றில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் பேக்கை எண்ணுவதை விட்டு இரவுகளை எண்ணத் தொடங்கினேன். 14 நாள் என்றால் 14 இரவு, ஆகவே 14 பம்பர்ஸ், வயிற்றோட்டம் வந்தால் என்று மேலே ஒரு பேக். கொவிட்டில் வயிற்றோட்டமும் வரலாம், அந்த நாட்களில் துணியைத் தொடவே கூடாது, தோய்க்கிறவர் பாவம். பகலெல்லாம் துணியில் ஓடியதால் கையிருப்பு தாராளமாக மிஞ்சியது. ஒரு நாளைக்கு நாலைந்து என்று பாவிக்கிற வீட்டில் அதே பெட்டி சில நாளில் காலி.

பாவித்ததை எறிவதுதான் அந்த முறை பெரிய கரைச்சல். குப்பை எடுக்கிற வண்டி எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. ஈரப் பம்பர்ஸ் எரியாது, எரித்தாலும் பிளாஸ்டிக் புகைதான். புதைத்தால் நாய் கிண்டும். கக்கூஸுக்குள் போட்டுக் குழியை அடைத்தவர்களும் உண்டு. நாங்கள் செய்தது, கழிவைக் கக்கூஸில் தட்டிவிட்டு, இறுக்கிச் சுருட்டி அதன் டேப்பாலேயே ஒட்டி, இரண்டு பையில் கட்டி, மூடியுள்ள பெரிய வாளியில் போட்டு, வாளியை உரப்பைக்குள் இறக்கி வேலி ஓரம் நிழலில் வைத்தது. இரவுக்கு ஒன்றுதான் என்றபடியால் அது சமாளிக்கக்கூடியதாக இருந்தது.

சலம் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டாம். சலம் கடுத்து, சலப்பையை உறுத்தி, இன்னும் அடிக்கடி வரும், கிருமியும் தொற்றும். இரவில் பிளேன்டீயை நிறுத்தினோம். சலம் போகிற குளிசையைக் காலையில் கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டு மாற்றினோம். பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும், கொமோட் கதிரையில் இருத்தினோம். எந்தப் பேக் வாங்கியதைவிடவும் இது செலவைக் குறைத்தது. மலச்சிக்கல் இருந்தாலும் சலம் அடக்க முடியாமல் போகும், அதையும் பாருங்கள். திடீரென்று ஒருநாள் கூடினால் பம்பர்ஸ் மாற்றுவதை விட்டுச் சலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது பம்பர்ஸ் விலை ஏறியதைப் பற்றி எழுதினால் வயிறு எரியும். கொவிட் நாளில் சாமான் இல்லை, அந்த வருடம் சாமான் இருந்தது, வாங்க முடியவில்லை. வீட்டில் துணி இருந்தபடியால் நாங்கள் தப்பினோம்.

அன்புவழிபுரம் அக்கா இப்போதும் தைக்கிறார், ஆனால் வாய்வழி கேட்டுப் போகிறவர்களுக்குத்தான். உங்கள் பக்கத்திலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். தைக்கக் கொடுக்கிறவர்கள் இடுப்பளவை ஆள் இருந்தபடி எடுங்கள். படுத்தபடி எடுத்தால், கதிரையில் இருத்தும்போது வயிற்றை இறுக்கும், வெல்குரோ பிய்ந்துகொண்டு வரும். குடைத் துணி கொடுப்பதென்றால் மழைக்கு ஒழுகாத குடையாகப் பார்த்துக் கொடுங்கள், தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டே கொடுப்பது நல்லது. வெல்குரோவின் சொரசொரப் பக்கம் தோலில் படாமல் வெளியே பார்த்திருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.